கணித எழுத்தறிவும் குடியுரிமையும்: ஐக்கிய அமெரிக்க அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகளிற் கணித, கணினியியற் கல்வி பற்றிய ஒரு நோக்கு

இரண்டும் இரண்டும் நான்கு என்பது ஆலை முதலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒன்றே. இதனை ஆதாரமாகக் கொண்டு, கணிதம் வர்க்கச் சார்பற்ற தூய அறிவு என்றும், அதனைக் கற்பிக்கும் வகுப்பறை சமூக முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டது என்றும் கூறுவோர் உளர். முதலாவது கூற்று பெருமளவுக்கு ஏற்புடையதே. ஆயின் இரண்டாவது கூற்று முதலாவதிலிருந்து பெறப்படுவதன்று. ஓர் அறிவுத்துறையின் உண்மைகள் யாவர்க்கும் பொதுவானவையாக இருத்தல் கூடும். அவ்வுண்மைகளை யார், எந்த வயதில், எவ்வளவு ஆழத்திற் கற்பது என்பதைச் சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன.

இலக்கியத் துறையைச் சார்ந்த ஒருவர் கணிதக் கல்வி பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கணிதமும் கணினியியலும் இன்று ஒருவகை எழுத்தறிவாக மாறியுள்ளன என்பதும், அவ்வெழுத்தறிவைப் பெறுவதற்கான போராட்டம் பெரிதும் மொழி சம்பந்தப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்துக்கள். இவற்றைத் தெளிவுபடுத்துவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகளின் அனுபவம் தக்க உதாரணமாக அமைகின்றது. கணினி தோன்றி வளர்ந்த நாடுகளுள் முதன்மையானது அது. அங்கேயே அரசாங்கப் பாடசாலை மாணவரிற் பெரும்பாலோர் கணினியின் உள்ளியல்பை அறியாது வெளியேறுகின்றனர் என்பது சிந்தனைக்குரியது.

1. அட்சரகணிதம் என்னும் வாயில்

ஐக்கிய அமெரிக்காவிற் பாடசாலைக் கல்வி பன்னிரண்டு தரங்களைக் கொண்டது. இறுதி நான்கு தரங்கள் பெரும்பாலும் உயர்நிலைப் பாடசாலையில் அடங்கும். அரசாங்கப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. எனினும் அவற்றின் வருவாயிற் கணிசமான பகுதி அவ்வப் பிரதேசத்து வீடு, நில வரிகளிலிருந்தே பெறப்படுகின்றது. செல்வர் வாழும் பிரதேசத்துப் பாடசாலையும் வறியவர் வாழும் பிரதேசத்துப் பாடசாலையும் பெயரளவில் ஒரே அமைப்பைச் சார்ந்தவை; உள்ளடக்கத்தில் அவை இருவேறு உலகங்கள்.

இவ்வேற்றுமை கணிதத்திற் குறிப்பிடத்தக்கதொரு வடிவம் பெறுகின்றது. அங்கு உயர்நிலைக் கணிதம் படிவரிசையாகக் கற்பிக்கப்படுவது: முதலில் அட்சரகணிதம், அடுத்துக் கேத்திரகணிதம், பின்னர் மீண்டும் அட்சரகணிதம், அதன் பின்னர் நுண்கணிதத்துக்கான ஆயத்தம், இறுதியில் நுண்கணிதம். எட்டாந் தரத்தில் அட்சரகணிதத்தைத் தொடங்கும் மாணவர் பன்னிரண்டாந் தரத்தில் இயல்பாக நுண்கணிதத்தை அடைவார். ஒன்பதாந் தரத்தில் தொடங்குபவர், இடையில் ஒரு படியை விரைந்து கடந்தாலன்றி, அதனை அடையார். விஞ்ஞான, பொறியியற் கற்கைகளுக்கான போட்டியில் இவ்வேறுபாடு பெரிது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி யாரோ செய்யும் ஒரு தெரிவு அப்பிள்ளையின் எதிர்காலத் தொழிலையே வரையறுத்துவிடுகின்றது. ‘திறமைக்கேற்ற வகுப்பு’ எனப் பெயரிட்டு மாணவரைத் தனித்தனித் தடங்களிற் செலுத்தும் முறை, நடைமுறையில் வறிய, கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வழிவந்த பிள்ளைகளைக் கீழ்த்தடங்களில் மிகையாகச் சேர்த்து வந்துள்ளது.

இது அந்நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. இத்தாலியில் 1923ஆம் ஆண்டு நிகழ்ந்த கல்விச் சீர்திருத்தத்தை விமர்சித்த அந்தோனியோ கிராம்சி, தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தனித் தொழிற்பாடசாலைகள் பெருகுவது பார்வைக்கு ஜனநாயகமாகத் தோன்றினும், உண்மையிற் சமூக வேற்றுமைகளை நிலைநிறுத்தவே உதவும் எனச் சிறையிலிருந்து எழுதினார். கடினமான அறிவுப் பயிற்சியை அடித்தட்டுப் பிள்ளைகளுக்கு இலகுபடுத்திக் கைவிடுவதை அவர் ஏற்கவில்லை. அதனை அவர்களும் பெறுவதற்கான நிலைமைகளை உருவாக்குவதே அவர் வேண்டியது. கணிதக் கல்வி பற்றிய எந்த விவாதத்திலும் இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

2. வாக்குரிமையிலிருந்து சமன்பாட்டுக்கு

இவ்வாயிலை ஓர் அரசியற் பிரச்சினையாக முதன்மைப்படுத்தியவர்களுள் பொப் மோசஸ் குறிப்பிடத்தக்கவர். 1935ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிற் பிறந்த அவர், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று, கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்று, கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்யும் இயக்கத்தின் அமைப்பாளரானார். 1964ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் அங்கு நடைபெற்ற பெரும் பதிவு இயக்கத்தின்போது நாற்பதுக்கு மேற்பட்ட ‘சுதந்திரப் பாடசாலைகள்’ நடத்தப்பட்டன. இயக்கத்தைச் சார்ந்த மூவர் இனவெறியராற் கொலை செய்யப்பட்டனர்.

அக்கால மிசிசிப்பியில் வாக்காளராக விண்ணப்பிப்பவர் எழுத்தறிவுத் தேர்வொன்றுக்கு உட்படல் வேண்டும். மாநில அரசியலமைப்பின் 285 பிரிவுகளுள் பதிவாளர் காட்டும் ஒன்றுக்கு, அவர் திருப்தியுறுமாறு விளக்கம் எழுதுதல் வேண்டும். பருத்தி வயல்களிற் குத்தகை உழவராயிருந்த கறுப்பின மக்களுக்குத் தரமான கல்வியை மறுத்த அதே அரசு, கல்வியின்மையைக் காரணங்காட்டி வாக்கை மறுத்தது. 1963ஆம் ஆண்டு அம்மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், எழுத்தறிவற்றோரை ஏன் பதிவுக்கு அழைத்து வருகின்றீர் என மோசஸ் வினவப்பட்டபோது, ஒரு மக்கட் கூட்டத்துக்குக் கல்வியை மறுத்த நாடு பின்னர் அக்கல்வியையே நிபந்தனையாக்குதல் நியாயமன்று என்னும் கருத்துப்பட அவர் விடை கூறினார். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அத்தேர்வுகளைச் செயலிழக்கச் செய்தது.

இங்கு பொருளாதார அடித்தளத்தையும் நோக்குதல் வேண்டும். 1944ஆம் ஆண்டு மிசிசிப்பியின் கிளாக்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள பெருந்தோட்டம் ஒன்றில் நடுகை முதல் அறுவடை வரை இயந்திரத்தாலேயே பருத்தி விளைவிக்கப்பட்டது. 1960களின் இறுதியளவில் அந்நாட்டுப் பருத்தி ஏறக்குறைய முழுவதும் இயந்திரங்களாலேயே பறிக்கப்பட்டது. வாக்குரிமை கிட்டிய வேளையில் அவ்வுழவரின் உழைப்பு மூலதனத்துக்கு வேண்டாததாகிவிட்டது. இயந்திரத்தால் வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகள் நகரப் பாடசாலைகளை வந்தடைந்தனர். அங்கே அடுத்த இயந்திரம் அவர்களை எதிர்கொண்டது. அதுவே கணினி.

வியட்நாம் யுத்த காலத்திற் கட்டாய இராணுவச் சேவையை மறுத்து நாட்டைவிட்டு வெளியேறிய மோசஸ், 1969 முதல் 1976 வரை தன்சானியாவிற் கணிதம் கற்பித்தார். நாடு திரும்பிய பின்னர், 1982ஆம் ஆண்டில், மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தம் மகள் பயின்ற அரசாங்கப் பாடசாலையில் எட்டாந் தரத்தில் அட்சரகணிதம் கற்பிக்கப்படாமையைக் கண்டு, தாமே அங்கு சென்று கற்பிக்கலானார். அதிலிருந்தே ‘அட்சரகணிதத் திட்டம்’ தோன்றியது. 1990களிலிருந்து மிசிசிப்பியின் தலைநகரான ஜக்சனில், லனியர் உயர்நிலைப் பாடசாலையிற் பல்லாண்டுகள் கற்பித்தார். 2001ஆம் ஆண்டு சார்ள்ஸ் கொப் என்பவருடன் இணைந்து வெளியிட்ட நூலில், குத்தகை உழவனுக்கு வாக்குச்சீட்டு எத்தகையதோ அத்தகையதே இன்றைய நகரத்து வறிய மாணவனுக்குக் கணித எழுத்தறிவு என்னும் வாதத்தை முன்வைத்தார். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் காலமானார்.

3. பேச்சு மொழியிலிருந்து குறியீட்டுக்கு

மோசஸின் பங்களிப்பு அரசியல் வாதத்துடன் முடிந்துவிடவில்லை. கற்பிக்கும் முறையிலும் அவர் ஒரு முக்கியமான சிந்தனையைச் செயற்படுத்தினார். இலக்கிய, மொழியியல் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய பகுதி இதுவேயாம்.

எண்கணிதத்திலிருந்து அட்சரகணிதத்துக்குச் செல்லும் மாணவர் பலர் இடறுவது எங்கே என அவர் நோக்கினார். எண்கணிதத்தில் மாணவர் மனத்தில் நிலைத்திருப்பது ‘எத்தனை?’ என்னும் ஒரே வினா. மறை எண்கள் வந்தவுடன் ‘எந்தத் திசையில்?’ என்னும் இரண்டாவது வினாவும் எழுகின்றது. இவ்வினா மனத்தில் இல்லாதவனுக்கு, மூன்றிலிருந்து ஐந்தைக் கழிப்பது பொருளற்ற சடங்கு. அவன் மந்தபுத்தியுள்ளவன் அல்லன். தன்னிடம் யாரும் கேளாத வினாவுக்கு அவன் விடை கூறல் வேண்டியிருக்கிறது.

இதற்கு மோசஸ் கண்ட வழி எளிமையானது. மாணவர் கேம்பிரிட்ஜ் நகரின் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஒன்றாகப் பயணம் செய்தனர். பின்னர் ஐந்து படிகள் தொடர்ந்தன. முதலாவது, நேரடி அனுபவம்: பயணம். இரண்டாவது, அதனைப் படமாக வரைதல். மூன்றாவது, தம் வீட்டிலும் தெருவிலும் பேசும் மொழியில் அதனை விவரித்தல். இதனை அவர் ‘மக்கள் பேச்சு’ என்றார். நான்காவது, அவ்விவரணத்திலிருந்து கணிதத்துக்கு வேண்டிய அம்சங்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒழுங்குபட்ட வாக்கியங்களாக மாற்றுதல். இது ‘அம்சப் பேச்சு’. ஐந்தாவது, குறியீடு.

உதாரணமாக, ‘பொழுது போகவில்லை, சந்தையடி நிலையத்தில் ஏறி, பாலத்தைத் தாண்டி, அங்காலே இறங்கினோம்’ என மாணவன் கூறுகின்றான் எனக் கொள்வோம். இதில் பொழுது போகாமையும் பாலமும் நீங்க, தொடக்கம், முடிவு, திசை, கடந்த நிலையங்களின் தொகை ஆகியன எஞ்சும். இடையிலுள்ள ஒரு நிலையத்தைப் பூச்சியம் எனத் தாமே தீர்மானித்தால், ஏறிய நிலையம் மறை இரண்டு எனவும் இறங்கிய நிலையம் நேர் மூன்று எனவும் ஆகலாம். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்க நேர் ஐந்து வரும். அது பயணத்தின் அளவையும் திசையையும் ஒருசேரத் தரும். கழித்தல் என்பது ‘எடுத்துவிடல்’ மட்டுமன்று, இரு நிலைகளின் ஒப்பீடும் ஆகும் என்பதை மாணவன் உணர்கின்றான். பூச்சியத்தை எங்கே வைப்பது என்பது தம் கூட்டுத் தீர்மானம் என்பதையும் அவன் உணர்கின்றான். கணிதக் குறியீடு வானிலிருந்து இறங்கியதன்று, மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்னும் உண்மை இங்கு அனுபவமாகின்றது.

ஹாவார்ட் மெய்யியலாளர் குவைனின் சிந்தனையிலிருந்து மோசஸ் இதற்கான அடிப்படையைப் பெற்றார். இயல்பான மொழியை நெறிப்படுத்திச் செறிவாக்குவதாலேயே அறிவியலின் மொழி பிறக்கின்றது என்பது அச்சிந்தனை. இதன் சமூக அர்த்தம் பெரிது. மேற்றட்டுக் குடும்பத்துப் பிள்ளை பாடசாலைப் புத்தகத்தின் மொழிக்கு நெருங்கிய மொழியை வீட்டிலேயே கேட்டு வளர்கின்றது. வறிய பிள்ளைக்கு அவ்விரு மொழிகளுக்குமிடையே ஒரு பாலம் கட்டப்படல் வேண்டும். அதனைக் கட்டாது அக்கரையில் நின்று அழைத்துவிட்டு, ‘வரத் தெரியாதவர்’ என முடிவுகட்டுவதே வழமையான கற்பித்தல்.

4. கணினி: பாவிப்போரும் அறிவோரும்

கணினிக் கல்வியின் வரலாறும் இதற்குச் சமாந்தரமாகச் செல்கின்றது. மிசிசிப்பியிற் சுதந்திரப் பாடசாலைகள் நடந்த அதே 1964ஆம் ஆண்டில், டாட்மத் கல்லூரியில் ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் ஆகிய கணிதப் பேராசிரியர் இருவர் ‘பேசிக்’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். விஞ்ஞானத் துறை சாராத மாணவரும் கணினியை இயக்க வேண்டும் என்பது அவர்களது நோக்கம். 1967ஆம் ஆண்டிற் சிறுவருக்கெனத் தோன்றிய ‘லோகோ’ மொழியின் ஆக்குநருள் ஒருவரான சீமோர் பப்பேட், கணினி பிள்ளையை இயக்குவதை விடுத்துப் பிள்ளை கணினியை இயக்குதல் வேண்டும் என வற்புறுத்தினார்.

நோக்கங்கள் இவ்வாறிருக்க, நடைமுறை வேறாயிற்று. ஜேன் மார்கோலிஸ் என்பவரும் அவர்தம் சகாக்களும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகள் மூன்றை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டனர். அவர்கள் கண்ட முக்கிய விடயம், பிரச்சினை வெறுமனே கணினிகள் இன்மையன்று என்பதாகும். கணினிகள் இருந்தன. ஆயின் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர் பெரும்பான்மையாகவுள்ள பாடசாலைகளிற் கணினிப் பாடம் என்பது பெரும்பாலும் தட்டச்சும், வெட்டி ஒட்டலுமாகவே இருந்தது. வசதிபடைத்த பிரதேசத்துப் பாடசாலையில் நிரலாக்கம் கற்பிக்கப்பட்டபோதும், அவ்வகுப்பில் அமர்ந்தோர் பெரும்பாலும் வெள்ளை இன, ஆசிய வழிவந்த ஆண்பிள்ளைகளே. ஏனையோர் ‘ஆர்வமில்லாதோர்’, ‘இயல்பான திறமையற்றோர்’ எனக் கருதப்பட்டனர். இதனை விளக்க அவர்கள் நீச்சற் குளத்தை ஒப்புக் கூறினர். கறுப்பின மக்களைப் பல தலைமுறைகளாகப் பொதுக் குளங்களிலிருந்து விலக்கி வைத்த சமூகம், பின்னர் அவர்கள் நீந்தாமைக்கு உடற்கூற்றையே காரணமாகக் கற்பித்தது. விலக்கலின் விளைவு இயற்கையின் நியதியாக உருமாறுவது கருத்தியலின் தொழிற்பாட்டுக்குத் தெளிவானதோர் உதாரணம்.

ஆய்வாளர் விமர்சனத்துடன் நின்றுவிடவில்லை. 2008ஆம் ஆண்டு முதல் அந்நகரப் பாடசாலைகளில் எல்லா மாணவர்க்கும் உரியதொரு கணினியியற் பாடத்திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. பிரச்சினை தீர்த்தல், இணையப் பக்க ஆக்கம், நிரலாக்கம், தரவுப் பகுப்பாய்வு, எந்திரன்கள் முதலியன அதில் அடங்கின. இத்தகைய கல்விக்கு ரொன் எக்லாஷ் என்பவரின் ஆக்கம் ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. கறுப்பினப் பெண்களின் தலைப்பின்னல் வரிசைகளில் ஒரே வடிவம் சிறிது சுருங்கியும் சுழன்றும் நகர்ந்தும் மீண்டும் மீண்டும் வருவதை அவர் எடுத்துக்காட்டி, அதனை மாணவர் கணினியில் உருவாக்கும் கருவியொன்றை அமைத்தார். பிள்ளையின் தாயோ தமக்கையோ கையாற் செய்துவரும் வேலையில் உருமாற்றக் கேத்திரகணிதமும் மீள்செயலும் பொதிந்துள்ளன என்பது அதனால் வெளிப்படுகின்றது. மோசஸின் ‘மக்கள் பேச்சு’க்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

2016ஆம் ஆண்டு ஒபாமா ஆட்சி ‘யாவர்க்கும் கணினியியல்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. 2024ஆம் ஆண்டளவில் அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகளுள் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது வீதமானவை அடிப்படைக் கணினியியற் பாடம் ஒன்றையேனும் வழங்கின. ஆயின் ஓராண்டில் அதனைக் கற்ற உயர்நிலை மாணவரின் தொகை நூற்றுக்குப் பத்து வீதத்தைக் கூட எட்டவில்லை. பாடம் அட்டவணையில் இருப்பதும் பிள்ளை அவ்வகுப்பில் இருப்பதும் ஒன்றல்ல.

5. இரு தவறான தீர்வுகள்

இந்நிலையில் முற்போக்காளரிடையே தோன்றும் தவறொன்றைச் சுட்டுதல் அவசியம். சான் பிரான்சிஸ்கோ நகரப் பாடசாலைகள் 2014ஆம் ஆண்டில், தடம்பிரித்தலை ஒழிக்கும் நோக்குடன், எட்டாந் தரத்து அட்சரகணிதத்தை எல்லோருக்கும் நிறுத்தின. நோக்கம் நேர்மையானது. விளைவு, வசதியுள்ள பெற்றோர் தனியார் வகுப்புகளையும் கோடைகாலப் பாடங்களையும் நாடினர். வசதியற்றோருக்கு அந்த மாற்றுவழி இல்லை. நீண்ட எதிர்ப்பின் பின்னர், 2024ஆம் ஆண்டில் அதனை மீளக் கொணரக் கல்விச் சபை தீர்மானித்தது. வாயிலை எல்லோருக்கும் மூடுவது சமத்துவமன்று. மதிலேறும் ஏணியை விலைக்கு வாங்கக்கூடியவர் எப்படியும் உட்புகுவர். கிராம்சியின் எச்சரிக்கை இங்கு மெய்யாகின்றது.

மற்றைய தவறு முதலாளித்துவத்தின் வாக்குறுதியை அப்படியே நம்புவது. ‘நிரலாக்கம் கற்றால் வேலை நிச்சயம்’ என்னும் கோஷத்தைப் பெருங் கணினி நிறுவனங்கள் பல ஆண்டுகளாகப் பரப்பின. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பரவிய செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் சாதாரண நிரல்களைத் தாமே எழுதித் தருகின்றன. பருத்தி பறிக்கும் இயந்திரத்தைக் கண்ட மிசிசிப்பி உழவனின் நிலை நிரலாளனுக்கும் நேரலாம். வேலைச் சந்தையின் தேவையையே கல்வியின் நியாயமாகக் கொண்டால், சந்தை மாறும்போது நியாயமும் அற்றுப்போகும். கணித எழுத்தறிவு தனித்து நின்று உற்பத்தி உறவுகளை மாற்றிவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒருசிலரை மேலேற்றி ஏனையோரை இருந்த இடத்திலேயே விட்டுவிடும் ஏணியாகவும் அது பயன்படக்கூடும்.

ஆகவே இக்கல்வியின் நியாயத்தை வேறிடத்தில் தேடல் வேண்டும். கடன் வழங்குவதையும், வேலைக்கு ஆட்சேர்ப்பதையும், ஒருவர் எச்செய்தியைக் காண்பது என்பதையும் இன்று கணிப்பு நிரல்கள் பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றன. அவை விதிகளே, மனிதர் இயற்றியவையே. அன்று பதிவாளர் காட்டிய அரசியலமைப்புப் பிரிவை வாசித்து விளக்கத் தெரியாதவனின் வாக்கு மறுக்கப்பட்டது. இன்று தன்னை ஆளும் விதி எவ்வாறு இயங்குகின்றது என வினவத் தெரியாதவன், வாக்கு இருந்தும் அதன் பயனிற் பாதியை இழக்கின்றான். பொறி நிரலை எழுதித் தரும் காலத்தில், அந்நிரல் எதனைக் கருத்திற் கொண்டது, எதனை விட்டது எனக் கேட்கும் ஆற்றல் முன்னரிலும் அவசியமாகின்றது.

6. முடிவாக

மேற்கூறியன எமக்கும் அந்நியமானவை அல்ல. 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நிலவும் இந்நாட்டிலும், க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் என்னும் வாயிலில் ஆண்டுதோறும் பல பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர். தாய்மொழியிற் கணிதம் கற்பிக்கும் உரிமையை நாம் பெற்றோம். அதற்கெனப் பெருமுயற்சியுடன் கலைச்சொற்களை ஆக்கினோம். அட்சரகணிதம், கேத்திரகணிதம், தாயம், சார்பு ஆகியன அவ்வுழைப்பின் பேறுகள். ஆயின் கலைச்சொல்லைத் தருவதும் அச்சொல்லுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வதும் வேறு வேறு. வயலிலும் கடலிலும் தேயிலை மலையிலும் பெற்றோர் பேசும் பேச்சுக்கும் பாடநூலின் தமிழுக்குமிடையே பாலங் கட்டும் பணி எஞ்சியுள்ளது. அது கணித ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. மொழி கற்பிப்போராகிய எமக்கும் உரியது.

இறுதியாக ஒன்று. அட்சரகணிதத் திட்டத்திற் பயின்ற இளைஞர் 1996ஆம் ஆண்டில் தமக்கென ஓர் அமைப்பை நிறுவி, தம்மினும் இளைய பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கலாயினர். மேலிருந்து தரப்படும் சலுகையை ஆட்சியாளர் மீளப் பறித்தல் கூடும். கற்றவர் கல்லாதவருக்குக் கைகொடுத்து, யாவரும் ஒருங்கே கோரும் உரிமையைப் பறித்தல் அத்துணை எளிதன்று. அந்த இளைஞர் கணிதத்தோடு கற்றுக்கொண்ட பாடமும் இதுவேயாம்.